கட்டை எண்ணத் தொடங்குற இடம்

செங்கலடிச் சந்தியில் மேற்கே திரும்புகிற றோட்டை மட்டக்களப்பில் எல்லாரும் பதுளை வீதி எண்டுதான் சொல்லுவோம். அதே றோட்டின் மற்றத் தொங்கலில், நான் படிக்கிற பேராதனையில், அதற்குப் பெயர் நுவரெலியா றோட். என்னுடைய அறைத்தோழி லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அவளுடைய ஊரில் கீழே இறங்கினால் அது பிபிலை றோட், மேலே ஏறினால் பதுளை றோட். அரசாங்கத்தின் கணக்கில் மட்டும்தான் இதெல்லாம் ஒரே றோட்: ஏ5, பேராதனை - பதுளை - செங்கலடி நெடுஞ்சாலை, ஏறத்தாழ 276 கிலோமீற்றர். அந்த முழுப் பெயரை வாயால் சொல்லுகிற ஒரு ஆளையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

என்னுடைய ஊர் செட்டிபாளையம் இந்த றோட்டில் இல்லை. நாங்கள் இருப்பது எழுவான்கரையில், குருக்கள்மடத்துக்கும் களுவாஞ்சிக்குடிக்கும் நடுவில். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஏ4. அது கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, பெரகல, கொஸ்லந்தை, வெல்லவாய என்று மலையைச் சுற்றி இறங்கி, பொத்துவில், கல்முனை ஊடாக எங்கள் வாசலைத் தாண்டி மட்டக்களப்பில் முடிகிறது. ஆக, மலையில் இருந்து இறங்கி வருகிற இரண்டு பெரிய றோட்டுகளின் வாலும் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. எங்கள் ஊர் கிலோமீற்றர் கட்டையில் 400ஐத் தாண்டிய எண். செங்கலடிக்குக் கிட்டவாகப் போனால் ஏ5 கட்டையில் 270க்கு மேலே. இரண்டிலுமே எண்ணத் தொடங்கிய இடம் எங்கள் பக்கத்தில் இல்லை.

இது சும்மா கணக்கு வசதிக்காகச் செய்தது எண்டு நீங்கள் சொல்லலாம். எங்கேயாவது ஒரு இடத்தில் பூச்சியத்தைப் போடத்தானே வேணும். ஆனால் ஒரு றோட்டில் பூச்சியம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் அது யாருக்காகப் போடப்பட்டது என்பதும் கொஞ்சம் தெரியவரும் என்று எனக்குப் படுகிறது. போன விடுமுறையில் இந்த ஏ5 முழுவதையும் வால் பக்கம் இருந்து தலை வரைக்கும் போய்ப் பார்த்த பிறகு அந்த எண்ணம் கூடியிருக்கிறது.

வழக்கமாக மட்டக்களப்பில் இருந்து கண்டி பஸ்ஸில் ஏறினால் ஏ5இல் பாதிக்கும் குறைவாகத்தான் போவோம். செங்கலடி, கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா என்று போய் பதியத்தலாவையில் ஏ5ஐ விட்டுப் பிரிந்து ஏ26இல் ஏறும். பிறகு மகியங்கனை, ஹசலக, அதற்கு மேலே பதினெட்டு வளைவு. றோட்டை அகலப்படுத்தின பிறகு அதில் ஒன்று குறைந்து 17தான் இருக்கிறது என்கிறார்கள். பெயரை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. இதுதான் கிட்டின வழி. இந்த முறை அறைத்தோழி, "எங்க வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் இருந்துட்டு மேல் வழியா போவோம்" என்றாள். அதனால் பதியத்தலாவையில் பிரியாமல் பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை, நுவரெலியா, றம்பொடை, கம்பளை என்று சுற்றிப் பேராதனை போய்ச் சேர்ந்தோம். பஸ் மாறிமாறிப் போனதில் ஒன்று விளங்கியது. ஒரே நேரத்தில் ஒரே நோக்கத்தோடு இந்த றோட்டை யாரும் போடவில்லை. துண்டு துண்டாக, வேறுவேறு காலத்தில், வேறுவேறு ஆட்களுடைய தேவைக்காகப் போட்டுப் பிறகு ஒட்டி நம்பர் கொடுத்திருக்கிறார்கள்.

பழைய கதையில் இருந்து வருவம். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னர் மலைக்குப் போகிற வழிகளில் முக்கியமான ஒன்று எங்கள் கடற்கரையில்தான் தொடங்கியது. 1602இல் ஒல்லாந்துக் கப்பல் தலைவன் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கி, விந்தனைப் பக்கம், அதாவது இன்றைய மகியங்கனை வழியாகத்தான் கண்டி அரசனைப் பார்க்கப் போனான். உப்பும் கருவாடும் பொதிமாடுகளில் ஏறி மலைக்குப் போயின. கண்டி இராச்சியத்துக்குக் கடல் இல்லை. உப்பு இல்லாமல் எந்த அரசனும் அரசாள முடியாது. அந்தக் காலத்தில் கட்டை நட்டிருந்தால் பூச்சியம் வாவிக்கரையில்தான் நின்றிருக்கும்.

கண்டி அரசர்கள் வண்டி போகிற றோட் போடவில்லை. போடத் தெரியாமல் இல்லை, போட விரும்பவில்லை. காடும் கணவாயும்தான் அவர்களுடைய கோட்டை. 1803இல் கண்டிக்குள் நுழைந்த ஆங்கிலப் படை அங்கேயே அழிந்தது. 1815இல் இராச்சியம் வீழ்ந்த பிறகும், 1817-18இல் ஊவா வெல்லசையில் பெரிய கிளர்ச்சி எழும்பியது. நாங்கள் போன பாதையில் வெலிமடைக்கும் நுவரெலியாவுக்கும் நடுவில் கெப்பெட்டிபொல என்று ஒரு சின்ன நகரம் வரும். அந்தக் கிளர்ச்சியின் தலைவனாக இருந்து 1818 நவம்பரில் கொல்லப்பட்ட கெப்பெட்டிபொல திசாவையின் பெயர் அது. அவனை அடக்கின அனுபவத்தில்தான் றோட் இல்லாமல் இந்த மலையை ஆள ஏலாது என்று ஆங்கிலேயர் முடிவெடுத்தார்கள். 1820களில் ஆளுநர் எட்வேட் பான்ஸ் கொழும்பு - கண்டி றோட்டைப் போட்டார். கூலி கொடுக்கவில்லை. இராஜகாரியம் என்கிற பழைய கட்டாய ஊழியத்தை அப்படியே எடுத்து, யாருடைய நாட்டைப் பிடித்தார்களோ அந்த ஆட்களைக் கொண்டே கல் உடைப்பித்தார்கள்.

1830களில் இராஜகாரியம் ஒழிந்தது. 1848இல் வேறு வடிவத்தில் திரும்பி வந்தது. அந்த வருட வீதிச் சட்டப்படி வயது வந்த ஆண்கள் வருடத்துக்கு ஆறு நாள் றோட்டில் வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும். அதே வருடம் மாத்தளையில் கலகம் வெடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். இதை வகுப்பில் கேட்டபோது எனக்கு ஒரு கேள்வி வந்தது: ஆறு நாள் வேலை செய்த மனிசன் அந்த றோட்டில் எங்கே போனான்? அவனிடம் வண்டியும் இல்லை, விற்கக் கோப்பியும் இல்லை.

கோப்பி என்று சொன்னேன். கம்பளையில் இருந்து மேலே புசல்லாவை, றம்பொடை ஊடாக றோட் ஏறினதுக்குப் பின்னால் இருப்பது கோப்பிதான். தோட்டத்தில் இருந்து மூட்டை இறங்க வேணும், அரிசியும் ஆளும் ஏற வேணும். இழுத்தது மாட்டு வண்டி. மாடு செங்குத்தாக ஏறாது. ஆகவே சரிவைக் குறைத்துக் குறைத்து, மலையைச் சுற்றி வளைத்து வளைத்து றோட்டைக் கொண்டுபோனார்கள். றம்பொடை ஏற்றத்தில் பஸ் திரும்பித் திரும்பிப் போகும்போது வயிற்றைப் பிரட்டுகிறதே, அது மாட்டின் மூச்சுக்கு அளந்த வளைவு. இண்டைக்கு அதில் 50 பேரை ஏற்றிக்கொண்டு பஸ் ஓடுகிறது.

இந்த மலைத் தோட்டங்களில் வேலை செய்யத் தென்னிந்தியாவில் இருந்து வந்தவர்கள் மன்னார்ப் பக்கம் இறங்கிக் காட்டுக்குள்ளால் நடந்தே மாத்தளை வந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் றோட் வேலைக்கும் போனார்கள். கோப்பி 1869க்குப் பிறகு இலைநோயில் செத்தது, தேயிலை வந்தது. றோட்டைப் போட்ட, றோட்டில் நடந்த, றோட்டோரத்தில் புதைந்த இந்த மக்களுடைய பேரப்பிள்ளைகளைத்தான் 1948இல், சுதந்திரம் கிடைத்த அதே வருடம், பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. பாடப்புத்தகத்தில் இதை ஒரு வரியாகப் படித்திருக்கிறேன். லுணுகலையில் லயத்து வாசலில் இருந்து அவளுடைய தாத்தா சொல்லக் கேட்டபோது அது ஒரு வரியாக இருக்கவில்லை.

பிறகு ரெயில் வந்தது. 1885இல் நானுஓயா, 1924இல் பதுளை. தேயிலைப் பெட்டி ரெயிலில் ஏறத் தொடங்கியதும், மேல் பக்கத்து றோட்டுகள் ரெயில் ஸ்டேசனுக்குச் சாமான் கொண்டுபோகிற கிளைகளாக மாறின. எங்களுக்கு 1928இல் மட்டக்களப்பு ரெயில் வந்தது. அது பொலன்னறுவைப் பக்கத்தால் வடக்கே சுற்றிக்கொண்டு வந்தது. மலையில் இருந்து வந்த கோடு பதுளையில் நின்றுவிட்டது, கடலில் இருந்து போன கோடு வேறு பக்கம் திரும்பிவிட்டது. நடுவில் கிடந்தது பதுளைக்கும் செங்கலடிக்கும் இடைப்பட்ட றோட். அதைப் பற்றி அவசரப்பட கொழும்பில் யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

அவசரம் வந்த காலத்தில் அது வேறு வகை அவசரமாக இருந்தது. எங்கட பெத்தா பதுளை வீதியைப் பற்றிக் கதைத்தால் இரண்டு விதமாகக் கதைப்பா. சின்ன வயசில் அந்த றோட்டால் வந்த கரட்டும் கோவாவும் ஒரு கதை. "அதுக்குப் புறகு அந்தப் பக்கம் ஆரும் போகல்ல புள்ள" என்பது மற்றக் கதை. யுத்த காலத்தில் புல்லுமலை, கரடியனாறுப் பக்கத்துச் சனங்கள் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்தார்கள். றோட் இருந்தது, ஆனால் அது சோதனைச்சாவடிகளுக்கும் காட்டுக்கும் நடுவில் இருந்தது. 77இலும் 83இலும் அடிபட்டு மலையில் இருந்து இறங்கி வந்த தமிழர்களில் ஒரு பகுதியினர் மட்டக்களப்பு மாவட்டத்திலும் குடியேறினார்கள். றோட் அவர்களைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுவந்து விட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பயத்தில் இருந்து இன்னொரு பயத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

2007இல் கிழக்கில் யுத்தம் முடிந்த பிறகு பதுளை வீதியைத் திருத்தத் தொடங்கினார்கள். 2010 செப்டெம்பர் 17ஆம் திகதி கரடியனாறு பொலிஸ் நிலையத்தில், றோட் வேலைக்குக் கல் உடைக்க என்று வைத்திருந்த வெடிமருந்து வெடித்தது. 25 பேரளவில் செத்தார்கள். றோட் வேலைக்காக வந்த சீனர்களும் அதில் இருந்தார்கள். கரடியனாற்றைத் தாண்டும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா கையை எடுத்துக் கும்பிட்டா. கோயிலுக்கா, அதுக்கா எண்டு நான் கேட்கவில்லை. பிறகு சவூதி நிதியம், ஒபெக் நிதியம் கொடுத்த கடனில் பதுளை - செங்கலடிப் பகுதியில் இன்னும் வேலை நடந்தது. இண்டைக்கு அது நல்ல காப்பற் றோட். மீன் லொறி ஓடுகிற எங்கட மாமாவைக் கேட்டால், "இப்ப மகா ஓயா எங்க, முந்தி மகா ஓயா எங்க" என்பார். அது உண்மை. அந்த வித்தியாசத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஐஸ் உருகுவதற்கு முன்னால் மீன் பதுளைச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் வாவியில் வலை இழுத்தவனுக்கும் நாலு காசு மிஞ்சும்.

இனித்தான் எனக்கு இடறுகிற இடம். லுணுகலைக்குக் கிட்ட அவள் பஸ்ஸை நிறுத்தச் சொன்னாள். காப்பற் றோட்டில் இறங்கினோம். "இங்கேருந்து தோட்டத்துக்கு மூணு கட்டை" என்றாள். அந்த மூன்று கட்டையும் கல்லும் குழியுமாக இருந்தது. ஓட்டோக்காரர் இரண்டு மடங்கு காசு கேட்டார், அதுவும் மழை இல்லாதபடியால்தான். இது எங்கேயோ ஒரு தோட்டத்துக் கதை மட்டும் இல்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் தோட்டங்களுக்குள் பிரதேச சபை காசு செலவழித்து வேலை செய்ய இடம் இருக்கவில்லை. வாக்குப் போடலாம், உறுப்பினரைத் தெரியலாம், ஆனால் அந்த உறுப்பினர் உங்கள் லயத்துக்கு முன்னால் ஒரு கல்வெட்டுப் போட ஏலாது. 2018இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். நெடுஞ்சாலைக்கு வெளிநாட்டுக் கடன் வந்தது. அதில் இருந்து மூன்று மைல் உள்ளே ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டுவருகிற றோட்டுக்குச் சட்டத்தில் இடம் வரவே 31 வருடம் எடுத்தது.

மேலே போகப் போக இன்னொன்றும் தெரிந்தது. பசறையில் 13ஆம் கட்டை வந்தபோது, அது வரைக்கும் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தவள் பேச்சை நிறுத்திவிட்டாள். 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையில் இருந்து கொழும்புக்குப் போன பஸ் அந்த இடத்தில் பள்ளத்தில் விழுந்தது. 14 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். மலையில் இருந்து விழுந்த பெரிய கல் ஒன்று றோட்டை நெருக்கிக்கொண்டு அப்படியே கிடந்த இடம் அது. நுவரெலியா தாண்டி றம்பொடைப் பக்கம் இறங்கினால் கெரண்டி எல்ல. 2025 மே 11 விடியப்புறம் கதிர்காமத்தில் இருந்து குருநாகலுக்குப் போன பஸ் அங்கே விழுந்து 20க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இரண்டும் ஏ5தான். அதே றம்பொடையில் மலையைக் குடைந்து போட்ட சுரங்கப் பாதையும் இருக்கிறது, 225 மீற்றர் அளவில். சுரங்கத்துக்குள் போகும்போது பஸ்ஸில் சின்னப் பிள்ளைகள் கூக்காட்டினார்கள். நல்ல வடிவான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் விழுந்த கல்லை எடுக்கவும் ஓரத்தில் தடுப்புப் போடவும் சுரங்கம் குடைகிற அளவு காசும் வேண்டாம், அறிவும் வேண்டாம். திறப்பு விழா வைக்க ஏலாத வேலை என்பதுதான் அதற்கு இருக்கிற ஒரே குறை.

மலை றோட் என்பது ஒருமுறை போட்டு முடிகிற சாமான் இல்லை. மலையின் ஓரத்தை வெட்டித்தான் றோட் போகிறது. வெட்டின இடத்தில் மேலே இருக்கிற மண்ணுக்குக் கால் இல்லை. மழைத்தண்ணி இறங்க கான் வேணும், கான் அடைபடாமல் பார்க்க ஆள் வேணும், மண்ணைத் தாங்கச் சுவர் வேணும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலைநாட்டு றோட்டுகள் எத்தனையோ இடத்தில் அறுந்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுச் சிவப்பு எச்சரிக்கையை ஒன்றன் பின் ஒன்றாக விட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கிழமை எங்கள் அறையில் நாலு பேர், நாலு மாவட்டம். ஒருவருக்கும் வீட்டுக்குப் போக வழியில்லை. ஃபோனில் சார்ஜ் இருக்கும் வரைக்கும் அவரவர் வீட்டுக்கு எடுத்தோம். அவள் கேட்டது "மண்ணு சரிஞ்சிருச்சா?" நான் கேட்டது "தண்ணி எவ்வளவுக்கு நிக்குது?" மேலே சரிந்த மண்ணும் கீழே எங்கள் வயலில் நின்ற தண்ணியும் ஒரே மழையின் இரண்டு முனை.

இது எங்கள் நாட்டுப் பிரச்சினை மட்டும் எண்டும் இல்லை. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையைக் கடக்கிற பிரென்னர் கணவாயை எடுங்கள். ரோமர் காலத்துப் பாதை, பிறகு வண்டிப் பாதை, 1867இல் ரெயில், 1963இல் அந்தப் பள்ளத்தாக்கின் மேலே பெரிய ஐரோப்பாப் பாலம், பிறகு முழு நெடுஞ்சாலை. படிப்படியாக வளர்ந்த கதைதான் அதுவும். இண்டைக்கு அந்தப் பள்ளத்தாக்குச் சனங்கள் லொறிச் சத்தத்துக்கும் புகைக்கும் எதிராகப் போராடுகிறார்கள். எங்களைவிட எத்தனையோ மடங்கு பணக்கார நாடு. அங்கேயும் றோட் இரண்டு பெரிய நகரங்களுக்காக வளர்ந்தது, நடுவில் இருக்கிறவன் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருக்கிறான். வித்தியாசம் என்னவென்றால், அவனுக்கு லொறி கூடிப்போனது பிரச்சினை, லுணுகலைத் தோட்டத்தில் இருக்கிறவனுக்கு ஓட்டோவே வராதது பிரச்சினை.

எனக்கு றோட் வேண்டாம் என்கிற கட்சி இல்லை. மண்முனைப் பாலம் 2014இல் திறந்தபோது நான் சின்னப் பிள்ளை. படகுப் பாதைக்குக் காத்து நின்ற படுவான்கரைச் சனத்துக்கு அது என்ன என்று எனக்குத் தெரியும். அந்தப் பாலம் எனக்குப் பிடிப்பதற்குக் காரணம், அது யாருக்காகப் போடப்பட்டதோ அவர்கள் அதன் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள். ஆசுப்பத்திரிக்குப் போகிறவர், பள்ளிக்கூடம் போகிறவர், நெல்லுக் கொண்டுவருகிறவர். ஏ5க்கு அப்படி ஒரு கணக்கை யாரும் பார்க்கவில்லை. எத்தனை கிலோமீற்றர் காப்பற் போட்டோம் என்று நீளத்தில் மட்டும் அளந்தோம். அகலத்தில் அளந்து பார்க்கவில்லை: றோட்டில் இருந்து இடது பக்கம் மூன்று கட்டை, வலது பக்கம் மூன்று கட்டை போனால் ஆர் இருக்கிறார்கள், மழைக்காலத்தில் அவர்கள் றோட்டுக்கு வந்துசேர எவ்வளவு நேரம் எடுக்கிறது?

பல்கலைக்கழகத்தில் நாங்கள் புவியியலும் வரலாறும் படிக்கிற பெடியன்களும் பெட்டைகளும் இதைச் செய்யலாம் என்று நினைக்கிறேன். பெரிய ஆய்வு வேண்டாம். ஏ5இல் இருக்கிற ஊர்களில் இருந்து வந்து ஒரே கன்ரீனில் தேத்தண்ணி குடிக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறோம். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் இருந்து எண்ணத் தொடங்கினால் போதும். வீட்டு வாசலில் பூச்சியம். பஸ் றோட்டுக்கு எவ்வளவு, ஆசுப்பத்திரிக்கு எவ்வளவு, எந்த இடத்தில் கான் அடைபட்டுக் கிடக்கிறது, எந்த வளைவில் தடுப்பு இல்லை. அதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி அந்தந்தப் பிரதேச சபையின் மேசையில் வைக்கலாம். 2018க்குப் பிறகு "எங்களுக்குச் சட்டத்தில் இடம் இல்லை" என்று அவர்கள் சொல்ல ஏலாது. அறைத்தோழியும் நானும் தொடங்கிவிட்டோம். அவளுடைய கொப்பியில் முதல் வரி: "வீட்டில் இருந்து பஸ் றோட்டுக்கு 3 கட்டை. காய்ச்சல்காரரோடு என்றால் 2 மணித்தியாலம்."